முதல் கூடை கோச்சுக்கு

காலை ஐந்தே முக்காலுக்கு ஹாலைத் திறந்துவிடுங்கள். பிள்ளைகள் ஆறேகாலுக்கு வந்தால் போதும். இடையில் இருக்கும் அரை மணி நேரத்தில் மேசையைத் துடைக்கலாம், வருகைப் பதிவேட்டைச் சரிபார்க்கலாம், ஃபீஸ் பாக்கி யார் யார் என்று குறித்துவைக்கலாம் என்றெல்லாம் கை பரபரக்கும். எதையும் செய்யாதீர்கள். ஒரு கூடை பந்தை எடுத்துக்கொண்டு மேசையின் ஒரு முனையில் நின்று சர்வீஸ் போடுங்கள். அது உங்களுக்கான கூடை. அன்றைக்கு மீதி எல்லாக் கூடையும் பிள்ளைகளுக்கு.

சிறிய ஊரில் டேபிள் டென்னிஸ் கோச் ஆகிறவர் பெரும்பாலும் ஆட்டத்தை விட மனமில்லாமல் அந்தப் பக்கம் ஒதுங்கியவர். கல்லூரி அணியில் ஆடியிருப்பார். மாவட்டப் போட்டியில் கால் இறுதி, அரை இறுதி பார்த்திருப்பார். பிறகு வேலை, குடும்பம். மேசைக்குப் பக்கத்திலேயே இருந்தால் நாமும் ஆடிக்கொண்டிருக்கலாம் என்ற ஆசையில் பயிற்சி கொடுக்க வருவார். ஆறு மாதத்தில் விஷயம் புரிந்துவிடும். நாளெல்லாம் பேட்டும் கையுமாக நின்றும் தன் ஆட்டம் என்று ஒன்று மிச்சமிருக்காது. எட்டு வயதுப் பிள்ளைக்கு மெதுவாக, உயரமாக, நடுவில் போட்டுப் போட்டுக் கை அந்த வேகத்துக்கே பழகிப்போயிருக்கும்.

எனக்கு அப்படித்தான் ஆனது. கோச்சாகி மூன்றாவது ஆண்டில், விடுமுறைக்கு வந்திருந்த ஒரு வெளியூர்ப் பையனோடு சும்மா ஆடிப் பார்த்தேன். அவன் சர்வீஸில் ஏழெட்டுப் பந்தை வரிசையாக நெட்டில் அடித்தேன். என் பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். வெட்கம் அன்றைக்கே போய்விட்டது. மறுநாள் காலையில்தான் வேறொன்று உறைத்தது. இந்தப் பந்தை எனக்கே எடுக்க வரவில்லை என்றால் என் பிள்ளைகள் இதை எங்கே பார்த்திருப்பார்கள்?

பயிற்சியில் பிள்ளைக்கு வருகிற பந்தில் முக்கால்வாசி கோச்சின் கையிலிருந்து வருவது. உங்கள் பேக் ஸ்பின்னில் சுழற்சி செத்திருந்தால், அந்தச் செத்த பந்தைத் தூக்கி அடிப்பதற்குத்தான் பிள்ளையின் கை பழகும். ஹாலில் அழகாக இருக்கும். அம்மா அப்பா வீடியோ எடுப்பார்கள். மாநிலத் தரவரிசைப் போட்டியின் முதல் சுற்றில் உண்மையான பேக் ஸ்பின் வந்ததும் எல்லாப் பந்தும் நெட்டுக்குள் போகும். பிள்ளையின் மனம் பயந்துவிட்டது என்று நீங்கள் நினைப்பீர்கள். மனமெல்லாம் நன்றாகத்தான் இருக்கும். கை பழகிய பந்து வேறு, வந்த பந்து வேறு.

அந்த அரை மணி நேரம்

மொத்தமாகப் பந்து வாங்கும்போது குரோஸ் கணக்கில், அதாவது 144 பந்தாக வாங்குங்கள். பயிற்சிப் பந்து போதும். மூன்று நட்சத்திரப் பந்தைப் போட்டிக்கு முந்தைய வாரத்துக்கு எடுத்து வையுங்கள். கூடையில் முதல் ஐம்பது பந்தைக் குட்டையான பேக் ஸ்பின் சர்வீஸாகப் போடுங்கள். சுழற்சி போதுமா என்று சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம். எதிர்ப் பாதியில் குதித்த பந்து திரும்பி நெட்டை நோக்கி உருண்டு வந்தால் உங்கள் மணிக்கட்டு உயிரோடு இருக்கிறது. அங்கேயே நின்றால் பரவாயில்லை. பின்கோட்டைத் தாண்டி ஓடினால் இன்னும் ஐம்பது போடுங்கள்.

அடுத்து வேகமான நீள சர்வீஸ். பந்து உங்கள் பாதியில் பின்கோட்டை ஒட்டி விழ வேண்டும், எதிர்ப் பாதியிலும் பின்கோட்டை ஒட்டி விழ வேண்டும். எதிர்மூலையில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக் குறி பாருங்கள். பத்துக்கு மூன்று பட்டால் நல்ல நாள். மிச்சப் பந்தில் பக்கச் சுழற்சி.

கை நீட்டி, உள்ளங்கையை விரித்து, பந்தை நேர் மேலே குறைந்தது 16 சென்டிமீட்டர் எறிந்து, இறங்கும்போது அடிப்பதுதான் சட்டம். பின்கோட்டுக்குப் பின்னால், மேசை மட்டத்துக்கு மேலே, எதிராளியின் கண்ணுக்கு மறையாமல். இதை நீங்களே காலையில் ஒழுங்காகச் செய்தால் ஆறேகாலுக்கு உள்ளே நுழையும் பிள்ளை பார்த்துக் கற்றுக்கொள்ளும். பள்ளிக்கூடத்து ஹாலில் விரலிடுக்கில் பந்தை வைத்துத் தட்டிவிடும் சர்வீஸோடு வருகிற பிள்ளைகளிடம் சட்டத்தைப் பேசிப் பயனில்லை. வாயால் மூன்று மாதம் சொன்னதைக் கண்ணால் மூன்று வாரத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

கோச்சுக்குச் சொந்த ஆட்டம் வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதை ஒரே ஒருவர் பொய்யாக்கியிருக்கிறார். சென்னையின் வி. சந்திரசேகர். மூன்று முறை தேசிய சாம்பியன், 1982-ல் அர்ஜுனா விருது. 1984-ல் முழங்காலுக்குச் செய்த அறுவைச் சிகிச்சை பிசகி, பேச்சு, பார்வை, நடை எல்லாம் பாதிக்கப்பட்டது. ஆடும் காலம் அதோடு முடிந்தது. ஆண்டுக்கணக்கில் வழக்காடி இழப்பீடு பெற்றார். மெல்ல மெல்ல எழுந்து கோச்சாக நின்றார். இன்று உலகம் அறிந்த ஜி. சத்தியன் சிறு வயதில் அவர் கையில் வளர்ந்தவர். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் சந்திரசேகர் இறந்துபோனார். ஆட்டம் முழுவதையும் உடம்புக்கு வெளியே எங்கோ பத்திரமாக வைத்திருந்தவர் என்றுதான் அவரைப் பற்றி எனக்குத் தோன்றும். அப்படிப்பட்டவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகலாம். நானும் நீங்களும் கூடையை எடுப்போம்.

காஞ்சிபுரத்தில் ஒரு ஹால்

மேசை 2.74 மீட்டர் நீளம், 1.525 மீட்டர் அகலம், 76 சென்டிமீட்டர் உயரம். ஹால் பார்க்கப் போகும்போது இந்த அளவை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் ஏமாறுவார்கள். மேசைக்கு இடம் தேடக் கூடாது, காலுக்கு இடம் தேட வேண்டும். பெரிய போட்டிகளில் ஒரு மேசைக்கு 14 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் விடுவார்கள். நமக்கு அது கிடைக்காது. 10 மீட்டருக்கு 5 மீட்டர் கிடைத்தால் பயிற்சி நடக்கும். அதற்குக் கீழே போனால் பிள்ளைகள் மேசையோடு ஒட்டிக்கொண்டு ஆடப் பழகுவார்கள். பின்னால் வந்து லூப் அடிக்கும் பழக்கமே வராது. மூன்று மேசை போடும் இடத்தில் நான்கு போட்டு ஃபீஸ் பெருக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். நான் போட்டேன். பின்னால் போன ஒரு பெண்ணின் பேட் பக்கத்து மேசைப் பையனின் நெற்றியில் பட்டு மூன்று தையல்.

சுண்ணாம்படித்த வெள்ளைச் சுவர் முன்னால் வெள்ளைப் பந்து தெரியாது. ஆள் உயரத்துக்குக் கரும்பச்சையோ கருநீலமோ அடித்துவிடுங்கள். மேசைக்குப் பின்னால் பந்து ஓடாமல் இருக்கத் தடுப்புப் பலகை வாங்கப் பணம் இல்லையென்றால் கயிறு கட்டிப் பழைய காட்டன் சேலையைத் தொங்கவிடுங்கள். பட்டு ஊர்தானே, சேலைக்கு என்ன பஞ்சம் என்று கேட்பார்கள். நெசவாளி வீட்டில் பட்டுச் சேலை தறியில்தான் இருக்கும், பீரோவில் இருக்காது. காட்டன்தான் கிடைக்கும். பந்துக்கும் அதுதான் நல்லது, மெத்தென்று விழும்.

மின்விசிறிதான் இந்த ஊரில் பெரிய தலைவலி. பந்தின் எடை 2.7 கிராம். மேலே விசிறி ஓடினால் உயரமாக வரும் பந்து அரை சாண் விலகும். சித்திரை வெயிலில் விசிறியை நிறுத்தினால் பிள்ளைகள் வதங்குகிறார்கள். பதினைந்து நிமிடம் ஆட்டம், நிறுத்தம், விசிறி, தண்ணீர், மறுபடி ஆட்டம் என்று நேரத்தை வெட்டிக்கொள்வதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. ஃபுட்வொர்க் பயிற்சியைக் காலைக்கும், சர்வீஸ் பயிற்சியை மாலைக்கும் வையுங்கள். மழைக்காலத்தில் நிலைமை வேறு. ஐப்பசியில் தறிக்குழியில் ஈரம் ஏறி நெசவு நிற்கும் நாட்களில் நம் மேசையிலும் ஈரம் ஏறும். ரப்பர் வழுக்கும், சுழற்சி பிடிக்காது. உலர்ந்த துணியால் பேட்டைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை துடைக்கச் சொல்லுங்கள்; அன்று லூப் கற்றுக்கொடுக்க வேண்டாம். பிளாக், புஷ், நடை. அவ்வளவுதான்.

ஊரின் பஞ்சாங்கம் தெரியாதவர் இங்கே கால அட்டவணை போட முடியாது. வைகாசியில் வரதராஜப் பெருமாளுக்குக் கருட சேவை. அன்று காலை சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஒரு பிள்ளையும் வராது. மாசியில் காமாட்சி அம்மன் கோயில், பங்குனியில் ஏகாம்பரநாதர். தேர் வீதியில் நிற்கும்போது சைக்கிளில் வகுப்புக்கு வா என்று சொல்கிற கோச்சை ஊர் ஏற்றுக்கொள்ளாது. 2019-ல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை அத்திவரதர் தரிசனம் நடந்தது, 48 நாள். அந்த நாட்களில் மாலை வகுப்பை மறந்துவிட்டு விடியற்காலைக்கு மாறினோம். இரண்டு வாரம் முனகினார்கள். பிறகு பார்த்தால், விடியற்காலைப் பிள்ளைகள்தான் அந்த ஆண்டு நன்றாக ஆடினார்கள். திருவிழா நாட்களில் இன்னொன்றும் உண்டு. வயிறு நிறையக் கோயில் இட்லி சாப்பிட்டுவிட்டுத் தொடர் பந்துப் பயிற்சிக்கு வந்த பையன் ஒருவன், நாற்பதாவது பந்தில் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். மிளகும் சுக்கும் போட்டது, எளிதில் செரிக்கும் என்று பாட்டி சொல்லி அனுப்பினாளாம்.

ஃபீஸ் விஷயத்தில் ஒரு வார்த்தை. நெசவாளிக்கு மாதச் சம்பளம் கிடையாது. தறியிலிருந்து சேலையை அறுத்துக் கொடுத்தால்தான் கூலி. ஐந்தாம் தேதிக்குள் கட்ட வேண்டும் என்று பலகையில் எழுதிப் போட்டால் பிள்ளையார்பாளையத்துப் பிள்ளைகள் ஆறாம் தேதி முதல் வர மாட்டார்கள். கடன்பட்டவன் முகத்தில் விழிக்க மாட்டான், பிள்ளையும் அப்படித்தான். சேலை அறுத்ததும் கொடுங்கள் என்று சொல்லிவிடுங்கள். எனக்கு இதுவரை யாரும் கொடுக்காமல் போனதில்லை. தாமதமாகக் கொடுத்தவர் உண்டு.

பந்து போடும் கலை

மல்ட்டி பால் என்கிற முறையைச் சீனர்கள் பெரிதாக வளர்த்தார்கள். கோச் நெட்டுக்குப் பக்கவாட்டில் நின்று, கூடையிலிருந்து ஒவ்வொரு பந்தாக எடுத்து, இடைவெளி இல்லாமல் போட்டுக்கொண்டே இருப்பார். ஒரு பந்தைத் தவறவிட்டாலும் பிள்ளை நிற்காது, அடுத்தது வந்துவிடும். சாதாரண ரேலியில் இரண்டு பிள்ளைகள் ஒரு நிமிடம் ஆடினால் பாதி நேரம் பந்து பொறுக்கப் போகும். கூடை முறையில் அந்த ஒரு நிமிடத்தில் நாற்பது முறை அடிக்கலாம்.

கூடையை மேசையின் உயரத்துக்கு ஒரு முக்காலியில் வையுங்கள். தரையில் வைத்துக் குனிந்து குனிந்து எடுத்தவர்களின் முதுகு நாற்பது வயதில் பேசத் தொடங்கும். டாப் ஸ்பின் கொடுக்க வேண்டுமானால் பந்தை மேசையில் ஒருமுறை குதிக்கவிட்டு அடியுங்கள். பேக் ஸ்பின்னுக்குக் கையிலிருந்து விட்டு, பந்தின் அடிப்பகுதியை நறுக்குங்கள். வேகத்தைக் கூட்டுவதில் அவசரம் வேண்டாம். புதிதாக வந்த பிள்ளைக்கு முதல் மாதம் இரண்டு பந்துக்கு நடுவில் மூச்சு விட இடம் கொடுங்கள். கால் நகர்ந்து, நின்று, பிறகு கை வருகிறதா என்று பாருங்கள். கை முதலில் வந்தால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். பிள்ளையின் தப்பு இல்லை, உங்கள் தப்பு.

இங்கே ஒரு சம்பவம். தறியையும் டேபிள் டென்னிஸையும் ஒப்பிட்டு மேடையில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. ஓடம் போவதும் பந்து போவதும் ஒன்றே என்பார்கள். ஒன்றும் கிடையாது. ஆனால் ஒரு மாலை, மகனை அழைத்துப்போக வந்த நெசவாளி ஒருவர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பையன் ஃபோர்ஹேண்டில் நன்றாக அடிப்பான், பேக்ஹேண்டிலும் நன்றாக அடிப்பான்; போட்டியில் தோற்றுக்கொண்டே இருந்தான். எனக்குக் காரணம் பிடிபடவில்லை.

“மாஸ்டர், தப்பா நினைக்காதீங்க. உடம்பும் கரையும் சேர்ற இடத்துல பிரியுது பாருங்க,” என்றார்.

அவர் கோர்வை நெய்கிறவர். சேலையின் உடலுக்கு ஒரு நிற ஊடை, கரைக்கு வேறு நிற ஊடை. மூன்று ஓடம் போகும், எதிர்ப்பக்கம் ஒரு துணையாள் உட்கார்ந்து கரை ஓடத்தைத் தள்ளுவார். இரண்டு நிறமும் பின்னிக்கொள்ளும் கோட்டில்தான் காஞ்சிப் பட்டின் உயிர். வலக்கைக்காரப் பையனுக்கு அந்தக் கோடு வலது இடுப்பு அருகே, முழங்கைக்கு நேராக ஓடும். அங்கே வரும் பந்தை எந்தப் பக்கம் எடுப்பது என்று கை குழம்பும். எதிராளிகள் எல்லாம் அதைக் கண்டுபிடித்து அங்கேயே போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் கண்டுபிடிக்கவில்லை, ஏனென்றால் நான் எப்போதும் வலது மூலைக்கும் இடது மூலைக்கும்தான் பந்து போட்டேன்.

அன்று முதல் ஒவ்வொரு கூடையிலும் மூன்றில் ஒரு பங்கு நடுவுக்கு. கையால் முடிவு செய்யக் கூடாது. இடது கால் எடுத்து வைத்து உடம்பை விலக்கி ஃபோர்ஹேண்டில் எடு, அல்லது வலது காலை வலப்பக்கம் எடுத்து வைத்து பேக்ஹேண்டில் எடு. நின்ற இடத்தில் முழங்கையை மடக்கி ஒதுக்காதே. இதை எழுதுவது எளிது. அந்தப் பையனுக்கு ஏழு மாதம் பிடித்தது.

சட்டம் மாறும்போது

ஒரு கோச் கற்றுக்கொடுத்தது நேற்று சரி, இன்று தப்பு என்று ஆகும் விளையாட்டு இது. சிட்னி ஒலிம்பிக் முடிந்த கையோடு, 2000-ல், பந்து 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆனது. வேகமும் சுழற்சியும் குறைந்தன. 2001-ல் 21 புள்ளி ஆட்டம் 11 ஆனது. ஐந்து ஐந்து சர்வீஸ் போய் இரண்டிரண்டானது. 2002-ல் பந்தைக் கையாலும் உடம்பாலும் மறைத்துப் போடும் சர்வீஸ் தடைபட்டது. 2008-ல் ஸ்பீடு குளூ போனது. 2014-ல் செல்லுலாய்டு போய் பிளாஸ்டிக் பந்து வந்தது. 2021-ல் பேட்டில் சிவப்புக்குப் பதிலாக இளஞ்சிவப்பு, ஊதா, பச்சை, நீலம் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். மறுபக்கம் கறுப்பு கறுப்பேதான்.

இந்த மாற்றங்கள் அத்தனையையும் ஒரே உடம்பில் தாங்கியவர் ஏ. சரத் கமல். 1982-ல் பிறந்தவர். நான்கு வயதில் கையில் பேட்டைக் கொடுத்தவர் அப்பா ஸ்ரீனிவாச ராவ்; அவரும் சித்தப்பா முரளிதர ராவும்தான் சென்னையில் அவரை வளர்த்த கோச்சுகள். 21 புள்ளி ஆட்டத்தில் பழகிய கை 11 புள்ளிக்கு மாறி, 2006-ல் மெல்பர்ன் காமன்வெல்த் போட்டியில் தனிநபர் தங்கம் வாங்கியது. பதினாறு ஆண்டுக்குப் பிறகு, 2022-ல், நாற்பது வயதில், பர்மிங்காமில் மறுபடியும் அதே தங்கம். அதே ஆண்டு பத்தாவது முறையாகத் தேசிய சாம்பியன். 2025 மார்ச்சில் சென்னையில் ஆடி விடைபெற்றார். இளமையில் கற்றதை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தால் இரண்டாவது தங்கம் வந்திருக்குமா என்று உங்கள் பிள்ளைகளிடம் கேட்க வேண்டாம், உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். 11 புள்ளி ஆட்டத்தில் 0-4 என்று பின்தங்கினால் பாதி ஆட்டம் போயிற்று. முதல் நான்கு புள்ளிக்கென்றே தனியாகப் பயிற்சி வேண்டும். அதற்குப் பிறகு வரும் புள்ளிகளுக்கு, 4-4, 7-9 என்று தொடங்கி ஆடும் குட்டி ஆட்டங்களை வாரம் இருமுறை வையுங்கள்.

ஹாலில் கட்டாயம் இருக்க வேண்டிய ஒரு பொருள், நீளப் பிம்பிள் ரப்பர் ஒட்டிய பேட். முதல் வெளியூர்ப் போட்டியில் பிள்ளைகள் அழுதுகொண்டு திரும்பி வருவது பெரும்பாலும் இதனால்தான். நாம் கொடுத்த சுழற்சி நமக்கே தலைகீழாகத் திரும்பும். டாப் ஸ்பின் அடித்தால் பேக் ஸ்பின்னாக வரும். வேகம் இல்லாமல் தத்தளித்து வரும். 2018-ல் கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் மணிகா பத்ரா, பேக்ஹேண்டில் இதே ரப்பரை வைத்துக்கொண்டு சிங்கப்பூரின் ஃபெங் தியன்வெய் போன்றவர்களைத் திணறடித்துத் தங்கம் வாங்கினார். பழகாத பேட்டிடம் தோற்பது புதிதில்லை. 1952-ல் பம்பாயில் உலகப் போட்டி நடந்தபோது ஜப்பானின் ஹிரோஜி சாட்டோ தடித்த ஸ்பாஞ்சு ஒட்டிய பேட்டோடு வந்தார். அதுவரை பேட்டில் பந்து படும் ஓசையை வைத்தே வேகத்தைக் கணித்தவர்கள், ஓசையே எழாத பேட்டின் முன்னால் நின்று தோற்றார்கள். அவர் உலக சாம்பியனாகத் திரும்பிப் போனார்.

வாரம் ஒரு நாள் அந்தப் பிம்பிள் பேட்டை நீங்களே எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு ஆடுங்கள். முதல் நாள் எல்லாரும் தோற்பார்கள், “ஏமாத்து பேட் மாஸ்டர்” என்பார்கள். ஏமாற்று ஒன்றும் இல்லை, சட்டத்தில் உள்ளதுதான். மூன்றாவது மாதத்தில் பெரிய பிள்ளைகள் உங்களைத் தோற்கடிக்கத் தொடங்குவார்கள்.

போட்டி நாளில்

ஆட்டத்துக்கு ஆட்டம் நடுவில் ஒரு நிமிடம். மேட்சில் ஒரே ஒரு டைம் அவுட், அதுவும் ஒரு நிமிடம். ஆறு புள்ளிக்கு ஒருமுறை துண்டு எடுக்கலாம். இவ்வளவுதான் உங்களுக்குக் கிடைக்கும். அந்த ஒரு நிமிடத்தில் காலை நகர்த்து, முழங்கையைத் தூக்கு, அவன் பேக்ஹேண்டில் போடு, பயப்படாதே என்று நான்கு அறிவுரை சொன்னேன் ஒருமுறை. பையன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் போய் சர்வீஸையே வெளியே அடித்தான். இப்போது இரண்டே வாக்கியம். சர்வீஸுக்கு ஒன்று, ரிசீவுக்கு ஒன்று. மீதி நேரம் தண்ணீர் குடிக்கட்டும்.

பெற்றோருக்குத் தேவையான தகவல்களை ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். 11, 13, 15, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் பிரிவுகள். மாவட்டச் சங்கம் வழியாக மாநிலத் தரவரிசைப் போட்டி. பள்ளி வழியாகக் குடியரசு தின, பாரதியார் தினப் போட்டிகள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் முதலமைச்சர் கோப்பை. பிறந்த தேதிச் சான்றில் எழுத்துப் பிழை இருந்தால் அதை ஜூன் மாதமே திருத்தச் சொல்லுங்கள். நுழைவு விண்ணப்பத்தின் கடைசி நாளில் அதைக் கண்டுபிடிப்பதுபோல ஒரு தண்டனை இல்லை. சான்றிதழ்களைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். அவை எவ்வளவு உதவும் என்பது கல்லூரிச் சேர்க்கையில் விளையாட்டு ஒதுக்கீட்டின்போதுதான் புரியும்.

உங்களுக்கும் ஒரு சான்றிதழ் வேண்டும். பாட்டியாலாவில் 1961-ல் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் பட்டயம் நீண்ட படிப்பு. வேலையை விட முடியாதவர்களுக்கு ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பு உண்டு. சர்வதேச டேபிள் டென்னிஸ் சம்மேளனத்தின் முதல் நிலைப் பயிற்சியும் இந்தியாவில் அவ்வப்போது நடக்கும். படித்தால் கற்றுக்கொடுக்க வந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். மற்ற ஊர்க் கோச்சுகளோடு ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டு, இரவில் அவர்கள் பேசுவதைக் கேட்பதற்காகவாவது போய் வாருங்கள். ஃபுட்வொர்க்கில் நான் செய்யும் பயிற்சிகளில் பாதி அப்படி வந்தவைதான்.

கோச்சும் போட்டியில் ஆட வேண்டும். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு மூத்தோர் போட்டிகள் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒன்றாவது பெயர் கொடுங்கள், பிள்ளைகள் இருவரையாவது கூட அழைத்துப்போங்கள். 9-9-ல் உங்கள் கையும் நடுங்கும். அதை அவர்கள் பார்க்கட்டும். ஒருமுறை அப்படி ஆடித் திரும்பும் மின்சார ரயிலில், செங்கல்பட்டு தாண்டி, ஒரு பெண் கேட்டாள்: “ஏன் மாஸ்டர், எங்களுக்கு சொல்லும்போது ஈஸியா சொல்றீங்க, நீங்க மட்டும் அந்த பந்த அங்க ஏன் போட்டீங்க?” வாலாஜாபாத் வரும்வரை பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுக்குத் திருப்தியில்லை.

இரவு பூட்டுவதற்கு முன்

தோளுக்குச் சூடு ஒத்தடம், முழங்காலுக்கு ஐஸ். சிமெண்ட் தரையில் நாள் முழுக்க நிற்கிறவர்கள் காலணியில் காசு மிச்சம் பிடிக்கக் கூடாது. மாலை இரண்டு கூடைக்கு மேல் தொடர்ந்து போடாதீர்கள். மூன்றாவது கூடையைப் பெரிய பிள்ளையிடம் கொடுங்கள். பந்து போடக் கற்றுக்கொண்ட பிள்ளைக்குப் பந்து எங்கிருந்து வரும் என்று முன்பே தெரியும்.

பேட்களைத் தண்ணீர் நனைத்த ஸ்பாஞ்சால் துடைத்து, ஃபிலிம் ஒட்டி, உறையில் போடச் சொல்லுங்கள். நெட்டின் இழுவையைத் தளர்த்துங்கள். பிறகு பந்து எண்ண வேண்டும். எண்ணுவது ஊரில் எல்லாருக்கும் வேடிக்கையாக இருக்கும், ஆனால் எண்ணாத ஹாலில் மூன்று மாதத்தில் கூடை பாதியாகிவிடும். விரிசல் விட்டதைத் தட்டிப் பார்த்தால் ஓசையிலேயே தெரியும். அதைத் தனி டப்பாவில் போடுங்கள், மிகச் சிறிய பிள்ளைகள் எறிந்து பிடித்து விளையாட உதவும். நேற்று எண்ணியதில் 141 இருந்தது. இரண்டு பீரோவுக்கு அடியில். மூன்றாவது கிடைக்கவில்லை, சேலைத் தடுப்பின் மடிப்பில் பார்க்க வேண்டும்.